காலி வைரம்

2019 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. மெல்பர்னின் மேற்கே ஃபுட்ஸ்கிரேயில் இருக்கும் எங்கள் ஆய்வகத்தில் குளிர்சாதனம் நின்றுபோயிருந்தது.

எளிதில் தீப்பற்றுமா என்று பார்க்க அன்று வந்த மாதிரிகளில் ஒன்று, ஒன்பது மாடிக் குடியிருப்பின் வெளிச்சுவரில் துளைத்தெடுத்த வில்லை. இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே கருப்பு உள்ளீடு. உறையில் எண் மட்டுமே இருந்தது. ஆனாலும் அந்தச் செம்புநிறப் பூச்சை எனக்குத் தெரியும். அந்தக் குடியிருப்பின் ஆறாவது மாடியில் என் தம்பி ரூபென் இருந்தான்.

விபத்துக்குப் பிறகு ரூபெனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அந்த வீடு கிடைக்கும்வரை பல வருஷங்கள் என்னோடுதான் இருந்தான். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

முந்தின ஞாயிறு அவன் பால்கனியில் இறைச்சி சுட்டுக்கொண்டே சொன்னான்: "இங்கதான் ஓட்டை போட்டு எடுத்துட்டுப் போனானுங்க. உன் கைக்குத்தான் வரும். ஒழுங்கா பாத்துச் சொல்லு, வைர மகாராணி. மோசமா இருந்தா என்ன, பழையபடி உன் வீட்டுக்கே வந்துடுறேன். உன் சமையலத்தான் சகிச்சுக்கணும்."

நான் சிரித்தேன்.

உறவினர் சம்பந்தப்பட்ட மாதிரியை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. மேலாளர் மிலோஷுக்கு அன்று வேலை அதிகம். தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

எங்கள் கருவியில் மிளகளவு வைரம் ஒன்று பதித்திருக்கும். மாதிரியை அதன்மேல் வைத்து அழுத்துகோலால் அழுத்தினால், அடியிலிருந்து அகச்சிவப்பு ஒளி தொட்டுப் பார்த்து இன்ன பொருள் என்று சொல்லும். அதற்கு முன் வைரத்தை ஆல்கஹாலில் துடைத்து, காலியாக ஒருமுறை அளக்க வேண்டும். அப்போது கண்டதையெல்லாம் அடுத்து வரும் மாதிரியிலிருந்து கருவி கழித்துவிடும். அதனால்தான் மிலோஷ் தினமும் தன் மேசையிலிருந்தே கேட்பார்:

"கோரலி, கல்லுக்கு மூஞ்சி கழுவிவிட்டியா?"

"ஆச்சு. நீங்க கழுவினீங்களா?"

அன்றும் அப்படித்தான் சொன்னேன்.

உள்ளீட்டில் பாதிக்குமேல் பாலிஎத்திலீன் என்பது முதல் அளவிலேயே தெரிந்தது. பற்றினால் மெழுகுபோல் உருகி எரியும். அப்படி எழுதினால், நடக்க முடியாதவர்களைத்தான் முதலில் வெளியேற்றுவார்கள். ரூபெனுக்கு அந்த வீடு உயிர். சன்னலில் துறைமுகக் கிரேன்கள் தெரியும் என்று எல்லாரிடமும் பெருமையடிப்பான். அதை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை.

முதல் அளவை அழித்தேன். என் சாண்ட்விச் சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளும் பாலிஎத்திலீன்தான். அதில் ஒரு துண்டைக் கிழித்து வைரத்தின்மேல் வைத்து, காலி அளவை எடுத்தேன். பலமாக அழுத்தினால் தேவைக்குமேல் கழிந்து வரைபடம் தலைகீழாகிவிடும். எவ்வளவு போதும் என்பது பழகிய கைக்குத் தெரியும். பிறகு தாளை எடுத்துவிட்டு மாதிரியை வைத்தேன். தீயைத் தாங்கும் கனிமம் மட்டும் ஓங்கித் தெரிந்தது. ஏற்கத்தக்கது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அறிக்கையில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை.

செப்டம்பரில், மூன்றாம் மாடிப் பால்கனியில் அணைக்காத சிகரெட் ஒன்றிலிருந்து தீ பிடித்துத் தகடுகள் வழியாக மேலேறியது. தீ என்றால் மின்தூக்கிகள் நின்றுவிடும். ரூபெனை ஆறாவது மாடியில் மின்தூக்கிக் கதவருகே கண்டெடுத்தார்கள். அவனோடு இன்னும் நான்கு பேர் இறந்தார்கள்.

வைரம் சரியாகத் துடைபடாமல் இருந்திருக்கும், யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று மிலோஷ் விசாரணையில் உங்களிடம் சொன்னாராம். நல்ல மனிதர். ஆனால் அது தவறு. நான் மறந்து செய்யவில்லை. எரியும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

அவன் வீட்டைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவன் திரும்பி வந்திருந்தால் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டிருப்பேன்.

என் வீட்டு வாசலில் அவனுடைய நாற்காலி ஏறுவதற்காகப் போட்டிருந்த மரச் சாய்தளம் எங்கே என்று கேட்டீர்கள். கையெழுத்திட்ட அன்று மாலையே கழற்றிவிட்டேன். பலகைகள் நன்றாகத்தான் இருந்தன. அவற்றால் பாத்தி கட்டித் தக்காளி போட்டிருக்கிறேன்.