பயப்படுற கால் மணி

– ...மொதல்ல ஒக்காரு மாமா. மணி அஞ்சாயிடுச்சு. போன அந்தாண்ட வை.

– கரும்பு லோடு எப்ப ஏத்தறதுன்னு டிரைவரு கூப்புடுவான் பவானி...

– கூப்புட்டா கூப்புடட்டும். கவுன்சிலிங் ரேகாம்மா என்னா சொல்லி அனுப்புனாங்க? தெனம் கால் மணி நேரம் நான் என் பயத்தச் சொல்லணும், நீ கேக்கணும். நேத்தும் நழுவிட்ட, முந்தாநேத்தும் நழுவிட்ட.

– சிதம்பரம் ஆஸ்பத்திரியில ஏசி ரூமுல ஒக்காந்துகினு, பயப்படறதுக்கு டைம்டேபிள் போட்டுக் குடுக்குது அந்தப் பொண்ணு. அதுல எம்பேரு வேற. ‘கேட்பவர்: கோவிந்தசாமி’. கோர்ட்டு சம்மன் மாதிரி.

– டாக்டருங்கல்லாம் என் கழுத்தத்தான் பாத்தாங்க. அந்தப் பொண்ணுதான், ராத்திரியெல்லாம் என்னா நெனச்சிகினு முழிச்சிருக்கீங்கன்னு கேட்டுச்சு. நீ கேட்டியா?

– ...சரி, சொல்லு.

– கேன்சரு முத்திப் போச்சு. மருந்து ஏத்தறத நிறுத்திட்டாங்க.

– அது ஒடம்பு தேறட்டும்னு நிறுத்தி வச்சிருக்காங்க. ஒண்ணும் ஆவாது.

– பாத்தியா. எதைச் சொல்லக் கூடாதுன்னு காயிதத்துல எழுதியே குடுத்தாங்களோ, அதையே சொல்ற. ‘ஒண்ணும் ஆவாது’ன்னு சொல்லக் கூடாது. மறுபடி மொதல்லேர்ந்து.

– வாயில வந்துடுதுடி. நான் என்னா பண்ணட்டும்?

– மூடிக்க. வலிக்குமேன்னு மொதல்ல பயமா இருந்துச்சு. அதுக்கு மாத்திரை குடுத்துட்டாங்க, இப்ப பரவால்ல. அப்பறம் நம்ம பொண்ணு கயல்விழிய நெனச்சிப் பயந்தேன். அவ வந்து எம்மடியில படுத்து அழுதா, நானும் அழுதேன், ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். அதுவும் போச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்...

– அதுக்குதான் நாளைக்கு கோயிலுக்குப் போயி அர்ச்சன பண்ணிட்டு வரப் போறேன். லால்பேட்டை பாய் ஓதிக் குடுத்த தண்ணி வேற அப்பிடியே இருக்கு. ரெண்டு முழுங்கு குடியேன்.

– நான் இன்னும் சொல்லவே இல்ல, அதுக்குள்ள அர்ச்சனயா? சாமிகிட்ட எனக்கு ஒரு கொறையும் இல்ல. ரேகாம்மா கண்ண மூடி, ஒங்களுக்குப் புடிச்ச சாமிய நெனைங்கன்னுச்சு. நடராசர நெனச்சேன். அந்தத் தூக்குன பாதத்தக் கெட்டியா புடிச்சிக்கிட்டேன். போறப்ப அதப் புடிச்சிகினே போயிடுவேன். ஒங்கிட்டதான் எனக்குப் பிரச்சன.

– எங்கிட்ட என்னா? கஞ்சி காச்சித் தரல? கால் புடிச்சி வுடல?

– அதெல்லாம் ஜாஸ்தியாவே பண்ற. காதத்தான் குடுக்க மாட்டேங்கற.

– சொல்லித் தொலையேன்.

– கழுத்துல கரண்டு வச்சாங்கள்ல, அந்த ரேடியேசன்... முப்பத்தஞ்சு தடவ. தோலெல்லாம் வெந்து, எச்சி முழுங்க முடியாம கெடந்தேன்ல...

– அதான் ஆறிடுச்சே. இனிமே ஒண்ணும்...

– ம்?

– ...சொல்லல. நான் எதுவும் சொல்லல.

– நான் போனப்பறம்... ஒங்க வகையறாவுல எரிக்கறதுதான் வழக்கம். எனக்கு நெருப்பு வேணாம் மாமா. ஒரு தடவ வெந்தது போதும். கண்ண மூடுனா அந்த நெருப்புதான் வருது.

– ஏய். வெளக்கு வெக்கிற நேரத்துல என்னா பேச்சு இது?

– அஞ்சு மணிக்கு எவ வெளக்கு வெக்கிறா? பேச்ச மாத்தாத. ஒங்க பெரியண்ணன் ஒத்துக்க மாட்டாரு, தெரியும். நீ ஒரு வார்த்த சொல்லு. பொதைக்கறேன்னு சொல்லு, எனக்கு அது போதும்.

– மோட்டார நிறுத்திட்டு வரேன்...

– மோட்டாருதான் முந்தாநேத்தே பொகைஞ்சி போச்சே, எத நிறுத்தப் போற? ஒக்காரு. கால் மணி ஆவல.

– ...பெரியண்ணங்கிட்ட பேசிட்டேன்.

– என்னா பேசுன?

– நெருப்பு கெடையாதுன்னு. நம்ம வூட்ல இல்லாத பழக்கம்னு கத்துனாரு. நானும் கத்துனேன். ஒரு மாசமா பேச்சுவார்த்த இல்ல.

– ஒரு மாசமாவா? நான் இப்பதான ஒங்கிட்ட சொல்றேன்.

– நீ அந்தப் பொண்ணுகிட்ட அழுதுகிட்டே சொன்னப்ப, நான் கதவுக்கு வெளியதான் நின்னுகினு இருந்தேன்.

– பாவி மனுசா. ஒரு மாசமா தூங்காமப் பொரள்றேன். பக்கத்துல படுத்துகினு பாத்துகினுதான இருந்த? ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவ?

– சொன்னா, நீ போறத நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வாயி வரல பவானி.

– ...எங்க வக்கப் போற?

– நம்ம கொல்லையிலதான். இந்த நடவுக்குக் கெழக்கு மூலையில நாலு வரிச கரும்பு நடாம வுட்டு வச்சிருக்கேன். ரெண்டு பேருக்குத் தாராளமா எடம் இருக்கும்.