முறைப்படி ஒரு பக்கெட் தண்ணீர்

— உள்ள ஆளு கீதா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. குழாய திருகற சத்தம் கேக்குது.

— இருக்கு. ஆனா இல்லைன்னு வச்சிக்கோங்க.

— இந்தக் குரலு... பார்க் சங்கத் தலைவர் வேங்கடாசலம் சாரா?

— மெல்லகா, மெல்லகா மாட்லாடும்மா, சத்தமா பேசாதே. நீ யாரு?

— தாட்சாயணி சார். வாலிபால் பொண்ணுங்களோட கோச்சு. பார்க்குல கக்கூஸ் வேணும், கக்கூஸ் வேணும்னு உங்க பின்னாலயே சுத்திக்கினு இருந்தேனே.

— கக்கூஸ்னு சொல்லாதேம்மா. நவீன சுகாதார வளாகம். கல்வெட்டுல அப்படித்தான் பொறிச்சிருக்கு. எதையும் முறைப்படி சொல்லணும்.

— சரிங்க சார். நவீன சுகாதார வளாகத்துல முறைப்படி இன்னா பண்ணிக்கினு கீறீங்க?

— ஆய்வு.

— இம்மாம் நேரமாவா?

— முழுமையான ஆய்வு.

— இத்தக் கட்டிக் குடுத்த கம்பெனியோட பத்மாவதி மேடம் ரிப்பன் வெட்டற வரைக்கும் ஈ காக்கா உள்ள போவக் கூடாதுன்னு நேத்துதான் கேட்டுல நோட்டீஸ் ஒட்டனீங்க. இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததுக்கே என் பொண்ணுங்கள வெரட்டனீங்க.

— அது பொதுமக்களுக்கு. நான் தலைவர்.

— தலைவருக்கு வயிறு தனியா சார்?

— எல்லாம் அந்த தனசேகர் வேலை. செக்ரட்டரின்னு பேரு, சங்கத்துக்கு டிபன் வாங்கறதுதான் உத்தியோகம். விழா நாளும் அதுவுமா சாம்பார் வடை வாங்கிட்டு வந்தான். வாக்கிங் முடிச்சு எல்லாரும் சாப்பிட்டோம். மத்தவங்க கல்லு மாதிரி இருக்காங்க, எனக்கு மட்டும்தான்...

— வாக்கிங்கா? உங்க சங்கத்துல யாரு நடந்தும் நான் பாத்ததில்ல சார். பெஞ்சுல குந்திக்கினு வடை துன்றதத்தான் பாத்துக்கினு கீறேன்.

— நடக்கறதுன்னா கால் மட்டும்தானா? சங்கம் நடக்குதே, அது நடை இல்லையா?

— அதுவும் சரிதான். நானே இந்தப் பக்கம் பூட்டிக்கீதுன்னு நெனச்சிட்டேன் சார். போர்டுல வேற ‘புருகுலு’ன்னு எழுதிக்கீது.

— என்னன்னு?

— புருகுலு. ‘புருஷுலு’ன்னு, ஆம்பளைங்களுக்குன்னு எழுதச் சொன்னா, பெயிண்டரு ஒரு எழுத்த மாத்திப் புழு பூச்சிங்களுக்குன்னு தெலுங்குல எழுதிட்டுப் போயிட்டான்.

— அட கர்மமே. பிழை திருத்தம் நான்தானே பார்த்தேன். கல்வி ஆபீசுல சூப்பிரண்டா இருந்து ரிட்டையர் ஆனவன்னு என்கிட்ட குடுத்தாங்க.

— அது கெடக்கட்டும் சார். நீங்க ஆய்வு பண்ணுங்க, நான் வரேன்.

— இரு, இரு. போகாதே. ஒரு சின்ன உதவி. வெளிய யாராவது நிக்கறாங்களா?

— வெளியவா? வெளிய என்னத் தவிர யாரும் இல்ல சார். எல்லாம் மேடைகிட்ட கீறாங்க.

— குழாய்ல... வரலை.

— கேக்கல சார். மைக்செட்டுல பாட்டு போட்டுட்டாங்க. சத்தமா சொல்லுங்க.

— தண்ணி வரலைம்மா. திருகினா புஸ்ஸுன்னு காத்துதான் வருது.

— அதெப்பிடி சார்? ராவும் பகலும் தண்ணி வசதின்னு நோட்டீஸ்ல கீது. வேலை முழுக்க முடிஞ்சிடுச்சின்னு மேடத்தோட கம்பெனிக்கு நீங்கதான கையெழுத்து போட்டு அனுப்பனீங்க.

— முடிஞ்சதுதான். யார் இல்லைன்னா? பைப்பை மட்டும் கொஞ்சம் திருப்பி விட்டோம்.

— எங்க?

— நீரூற்றுக்கு.

— இன்னா ஊத்து? சத்தமா சார்.

— நீரூற்று, நீரூற்று. மேடைக்குப் பின்னால வச்சிருக்கோமே, நாலு அன்னம் நிக்குதே, அது. மேடம் பட்டனை அமுக்கினதும் தண்ணி அப்படியே ஆள் உயரத்துக்கு எழும்பும். வீடியோவுல அதுதான் நல்லா வரும். கக்கூ... வளாகத்துல தண்ணி வர்றதை வீடியோ எடுக்க முடியுமா, நீயே சொல்லு.

— நியாயந்தான். அப்ப அன்னத்துக்கு வர தண்ணி ஆளுக்கு வராது.

— தற்காலிக ஏற்பாடும்மா. நீ ஒரு பக்கெட் தண்ணி மட்டும் கொண்டா. உனக்குப் புண்ணியமாப் போகும். தனசேகர் கண்ணுல படாம கொண்டா. அவனுக்குத் தெரிஞ்சா சங்கத்து வாட்சப்புல போட்டுடுவான். என் நாற்காலி மேல அவனுக்கு ரொம்ப நாளா கண்ணு.

— கதவத் தொறங்க, மூஞ்சியப் பாத்து பேசலாம்.

— தொறக்காதே. தள்ளாதே. காலால அழுத்திப் பிடிச்சிட்டு இருக்கேன்.

— ஏன், தாப்பா போட்டுக்கறதுதான?

— உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை.

— இன்னா இல்ல?

— தாழ்ப்பாள் இல்லைம்மா, ஏன் இப்படிக் கத்த வைக்கறே? வச்சா காதல் ஜோடிங்க உள்ள போய்ப் பூட்டிக்கும்னு நான்தான் வேணாம்னேன். ஜென்ட்ஸ் பக்கம், லேடீஸ் பக்கம் ரெண்டுக்கும் வெளிய மட்டும்தான்.

— பொண்ணுங்க போனா?

— ஒருத்தி உள்ள போனா ஒருத்தி காவல் நிக்கறது. தோழமை வளரும்.

— நான் இப்ப உங்களுக்கு நிக்கற மாதிரியா சார்?

— அது வேற, இது வேற.

— நான் வர வரைக்கும் உள்ளயே இருப்பீங்களா சார்?

— எங்கே போகப் போறேன்.

— வேட்டி?

— பட்டு வேட்டி. ஆணியில மாட்டியிருக்கேன். இந்தக் கட்டடத்துல அந்த ஆணி ஒண்ணைத்தான் ஒழுங்கா அடிச்சிருக்கான். பக்கெட்டும்மா, பக்கெட்.

— கொண்டாறேன். அதுக்கு முன்னால ஒண்ணு. எங்க டீமு பவ்யா நேத்து ஆடிக்கினு இருக்கச்சே மயங்கி வுழுந்தா, தெரியுமா?

— கேள்விப்பட்டேன். வெயில் ஜாஸ்தி.

— வெயிலு இல்ல சார். அந்தப் பொண்ணுங்க காலையில எழுந்ததுலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. குடிச்சா போவணும். போவ எடமில்ல. ரயில் லைனு ஓரம் போனா, பசங்க செல்போன தூக்கிக்கினு நிக்கறானுங்க. அதனால நாக்கு ஒட்டிக்கினு ஆடறாளுங்க. திருப்பதியில மேட்சு வருது. அவ நைனா இன்னைக்கு வந்து சொல்லிட்டாரு, பார்க்குல கக்கூஸு தொறந்தா பொண்ண அனுப்பறேன், இல்லன்னா இத்தோட சரின்னு. பவ்யா நின்னா அக்ஷயாவையும் அவங்க வூட்டுல நிறுத்திடுவாங்க. அப்பால எனக்கு டீமே இல்ல.

— அதுக்குத்தான் இன்னைக்கு தொறக்கறோமே.

— தொறந்து?

— பூட்டிடுவோம்.

— இன்னா சார்? பாட்டு சத்தத்துல காதுல சரியா வுழல.

— பூட்டிடுவோம்னேன். போட்டோ எடுத்ததும். பயன்படுத்தினா அழுக்காயிடும்ல? அடுத்த வருசம் கம்பெனிக்காரங்க பார்க்க வந்தா டைல்ஸ் பளிச்சுன்னு இருக்கணும். முறைப்படி பராமரிப்புன்னா அதுதான்.

— அப்ப கக்கூஸு யாருக்கு?

— வளாகம்.

— வளாகம் யாருக்கு சார்?

— ஊருக்கு. ஊர்ப் பெருமைக்கு. பக்கெட்டு...

— மேடம் கேட்டா? நாங்க குடுத்தது பொண்ணுங்களுக்காச்சேன்னு கேட்டா?

— அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? ரிப்பனைக் கத்தரிக்கும், பட்டனை அமுக்கும், சால்வையை வாங்கிட்டு காரேறிடும். கதவைத் தொறந்துகூட பார்க்காது. நான் எத்தனை திறப்பு விழா பார்த்திருக்கேன். திறந்தவங்க எவரும் உள்ள போனதில்லை தாட்சாயணி, அது மரபு.

— இன்னொரு தபா சொல்லுங்க சார். யாரு உள்ள போனதில்ல?

— அந்த மேடம். உள்ள. போகாது. போதுமா?

— போதும் சார். நல்லா வுழுந்துச்சு. அப்பால இந்த வாலிபால் கோர்ட்டு. அதையும் அவங்கதான புதுசா போட்டுக் குடுத்தாங்க. சர்வீஸ் போடற கோட்டுலயே உங்க கல்வெட்ட நட்டு வச்சிக்கீறீங்க. அக்ஷயா பின்னால ஓடி வந்து முட்டிய இடிச்சிக்கினா.

— மேடையிலேர்ந்து பார்த்தா அந்த இடம்தான் எடுப்பா தெரியுது. இதோ பாரு, புத்தூர்ல பொறந்துட்டு எலும்பு முறியறதுக்குப் பயப்படலாமா? ஊர் ஊரா வந்து நம்மகிட்ட கட்டு போட்டுக்கிட்டுப் போறாங்க. நம்ம பசங்களுக்குக் கட்டு போட நாலடி தூரம்.

— அதுக்கோசரம் ஒடச்சிக்கணுமா?

— அப்படி இல்லை, ஒரு வசதி இருக்குன்னு சொன்னேன்.

— சார், ஒண்ணு கேட்டீங்களா? பாட்ட நிறுத்திட்டாங்க. தனசேகர் சாரு மைக்க புடிச்சிக்கினாரு.

— என்ன சொல்றான்? இங்க எல்லாம் கலந்து கேக்குது.

— தலைவரக் காணோமாம். மேடம் வர்ற நேரமாச்சாம். தலைவர் வரலன்னா வரவேற்புரைய அவரே படிச்சிடறாராம்.

— என் உரையையா? டேபிள் மேல வச்சிட்டு வந்தேனே. தாட்சாயணி, மூணு ராத்திரி முழிச்சு எழுதினது. மேடத்தை வற்றாத ஜீவநதின்னு வர்ணிச்சிருக்கேன்.

— அந்த நதி இங்க கொஞ்சம் வந்திருக்கலாம் சார்.

— கேலி பண்ற நேரமா இது? அவன் ஜீவநதிங்கறதை ‘சீவாநதி’ன்னு படிப்பான். உனக்கு என்ன வேணும், சொல்லித் தொலை.

— பெருசா ஒண்ணும் இல்ல சார். பைப்ப திருப்பி இங்கயே வுடணும்.

— சரி, நாளைக்கு.

— நாளைக்குன்னா பக்கெட்டும் நாளைக்கு.

— இன்னைக்கே. விழா முடிஞ்ச கையோட. பிளம்பர் வேணு பந்தலுக்குப் பின்னாலதான் இருக்கான்.

— சாவி உங்க சங்கத்துல இருக்கக் கூடாது. பெருக்கிக் கழுவற கங்கம்மாகிட்ட இருக்கணும். வெடிஞ்சா தொறக்கணும், இருட்டினா பூட்டணும்.

— அது சங்க விதிப்படி... சரி, சரி. கங்கம்மா.

— உள்பக்கம் தாப்பா.

— அதை நீ கேக்கவே வேணாம். அது எனக்கே புரிஞ்சு போச்சு. கால் மரத்துப் போச்சும்மா.

— கல்வெட்டு.

— அது மட்டும் முடியாது.

— தனசேகர் சாரு கண்ணாடிய மாட்டிக்கினாரு.

— எடுத்துக்கோ. கல்வெட்டை எங்க வேணா நட்டுக்கோ. புளிய மரத்தடியில நடு. என் பேரு மட்டும் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும்.

— இது எல்லாத்தையும் ஒரே மூச்சுல, தெளிவா, மைக்குல பேசற மாதிரி சொல்லுங்க.

— யாருக்குக் கேக்க? நீ ஒருத்திதானே இருக்கே.

— நான் கொஞ்சம் மந்தம் சார்.

— சரி, கேட்டுக்கோ. இந்தப் பூங்காவின் நவீன சுகாதார வளாகம் இன்று முதல் பகலில் பூட்டப்படாது. தண்ணீர்க் குழாய் அன்னத்திடமிருந்து மீட்கப்பட்டு இங்கே இணைக்கப்படும். சாவி கங்கம்மாவிடம். தாழ்ப்பாள் உள்பக்கம். கல்வெட்டு புளிய மரத்தடியில். இப்படிக்கு வேங்கடாசலம், தலைவர். போதுமா?

— வரவேற்புரையே இம்மாம் நல்லா இருக்காது சார். இருங்க, மொண்டுக்கினு வரேன்.

— ஓடு. யாராவது கேட்டா செடிக்குன்னு சொல்லு. தாட்சாயணி? போயிட்டியா? ...அம்மா தாட்சாயணி? ...ஈஸ்வரா, வேறே யாரோ வர்ற மாதிரி இருக்கே. யாரது? உள்ள ஆள் இல்லை.

— நான்தான் சார். வந்துட்டேன். அன்னத்துத் தொட்டியிலேர்ந்தே மொண்டுக்கினு வந்தேன். கதவ ஒரு சாண் தொறங்க, உள்ள தள்ளறேன். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— நீ நல்லா இருப்பே. உன் டீம் திருப்பதியில ஜெயிக்கும். ஆனா ரெண்டு பக்கெட் எதுக்கும்மா? ஒண்ணு போதும்.

— ஒண்ணுதான் உங்களுக்கு சார். இன்னொண்ணு சுவத்துக்கு அந்தாண்ட, லேடீஸ் பக்கத்துக்கு. அதுக்குத்தான் நான் தண்ணிக்குப் பொறப்பட்டேன், நடுவுல நீங்க குழாய திருகனீங்க.

— லேடீஸ் பக்கத்துலயா? விழா ஆரம்பிக்கறதுக்கு முன்னால யாரை உள்ள விட்டே? இவ்வளவு நேரமும் அங்க ஆள் இருந்ததா? எவ அது? முறைப்படி பேரைச் சொல்லச் சொல்லு.

— பத்மாவதி. வணக்கம் சார். சீக்கிரமே வந்துட்டேன், மன்னிக்கணும். முதல் பக்கெட்டை நீங்களே எடுத்துக்குங்க, வரவேற்புரை உங்களதுதானே.