மேட்டில் மட்டும் தட்டும் வண்டி

காத்தவராயன்: ரேஸ் குடு சார்... இன்னும்... போதும். ஆஃப் பண்ணு.

ஸ்ரீனிவாசராகவன்: பண்ணியாச்சு.

காத்தவராயன்: இன்னா சார், சாவி உன் கைல கீது... இஞ்சின் இன்னும் குதிச்சிகினு கீது?

ரங்கநாயகி: எங்காத்து வண்டியோன்னோ. மைக்கைப் பிடுங்கினாலும் பேச்சு நிக்காது.

ஸ்ரீனிவாசராகவன்: ரங்கா, நீ சித்த சும்மா இரு. இதோ பாருப்பா மெக்கானிக், இது வால்வுகிட்ட வர டாபெட் சத்தம். புஸ்தகத்துல படமே போட்டிருக்கான். அதைச் சரி பண்ணு, போறும். மணி மூணு. நாலு மணிக்கு மாமல்லபுரத்துல தாசில்தார் எனக்காகக் காத்திண்டிருப்பார்.

காத்தவராயன்: டாபெட்டுன்னா எப்பவும் தட்டும் சார். இது எப்பப்ப தட்டுது?

ரங்கநாயகி: மேடு ஏறச்சே மட்டும். செங்கல்பட்டுலேர்ந்து திருக்கழுக்குன்றம் வரதுக்குள்ள இத்தனை மேடு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

காத்தவராயன்: பொகை வருதாம்மா?

ரங்கநாயகி: பின்னாடி வந்த சைக்கிள்காரன் பாவம், கண்ணைக் கசக்கிண்டு இறங்கி நின்னுட்டான்.

ஸ்ரீனிவாசராகவன்: சைக்கிள்காரன் கதை இப்ப எதுக்கு?

காத்தவராயன்: பிளக்குல கரி அப்பிகினு கீது சார். டேங்க் மூடியத் தொறந்து பாக்கறேன்.

ஸ்ரீனிவாசராகவன்: டேங்க் எதுக்கு? சத்தம் முன்னாடின்னா வரது!

காத்தவராயன்: சத்தம் முன்னாடி, கோளாறு பின்னாடி... ம்... மோந்து பாரு சார்.

ஸ்ரீனிவாசராகவன்: எனக்கு ஜலதோஷம்.

காத்தவராயன்: அப்ப அம்மா மோந்து பாக்கட்டும்.

ஸ்ரீனிவாசராகவன்: அவ எதுக்கு! ரங்கா, வெயில்ல நிக்காதே. அந்தப் பக்கத்துக் கடையில ஒரு சோடா குடியேன்.

ரங்கநாயகி: எனக்குத் தாகமே இல்லையே.

ஸ்ரீனிவாசராகவன்: எனக்கு வாங்கிண்டு வா!

ரங்கநாயகி: ஜலதோஷத்துக்கு சோடாவா? சரி சரி, போறேன்.

காத்தவராயன்: ...அம்மா போயிட்டாங்க. இப்ப சொல்லு சார். கிருஷ்ணாயில் எவ்ளோ கலந்த?

ஸ்ரீனிவாசராகவன்: நானா? பங்க்குல கலந்திருப்பான்!

காத்தவராயன்: எந்த பங்க்கு? வா, ரெண்டு பேருமா போய் சட்டையப் புடிப்போம்.

ஸ்ரீனிவாசராகவன்: கத்தாதேப்பா... நாலுக்கு ஒண்ணுதான்.

காத்தவராயன்: நாலுக்கு ஒண்ணு இந்த நாத்தம் அடிக்காது சார்.

ஸ்ரீனிவாசராகவன்: சரி... ரெண்டுக்கு ஒண்ணு. என்ன பண்ணச் சொல்றே? பெட்ரோல் விலை இந்தப் போக்குப் போறது. தலைவர்னா கார்லதானே வந்து இறங்கணும்? பஸ்ல வந்து இறங்கறவனுக்கு எவன் மாலை போடறான்?

காத்தவராயன்: மாலை சரி சார், இஞ்சினு தாங்கலியே. மேட்டுல பாரம் ஏறச் சொல்ல தட்டுது. சூட்டுல தானாப் பத்திகினு, சாவிய எடுத்தாலும் ஓடுது. டேங்க்க மொத்தமா வடிக்கணும். என்னாண்ட கேன்ல பெட்ரோல் கீது, ஊத்தறேன்.

ஸ்ரீனிவாசராகவன்: வடி, வடி. அவ வரதுக்குள்ள வடி.

காத்தவராயன்: வூட்டுக் கிருஷ்ணாயிலா சார்?

ஸ்ரீனிவாசராகவன்: ரேஷன்ல வாங்கறது. நானே போய் வாங்கிண்டு வருவேன். நேரா டேங்க்குலதான்.

காத்தவராயன்: அப்ப அம்மா எதுல சமைக்கிறாங்க?

ஸ்ரீனிவாசராகவன்: சவுக்கு விறகுல. கண் எரியறதுன்னு புலம்பறா. ரேஷன் கடைக்காரன் எண்ணெயே சரியாத் தரலைன்னு சொல்லி வச்சிருக்கேன்.

காத்தவராயன்: நம்பிட்டாங்களா?

ஸ்ரீனிவாசராகவன்: அவ என்ன, தெருவே நம்பிடுத்து! அறுபது பேர் மனுவுல கையெழுத்துப் போட்டா. கண்காணிப்புக் கமிட்டி ஆரம்பிச்சா. தலைவர் யாருன்னு நினைக்கறே?

காத்தவராயன்: நீதான் தலைவரா... மத்தவங்களுக்கும் அளவு கொறையுதா சார்?

ஸ்ரீனிவாசராகவன்: நான் சொன்னப்புறம் எல்லாருக்கும் குறையற மாதிரிதான் இருக்காம்.

காத்தவராயன்: யாரு கடை?

ஸ்ரீனிவாசராகவன்: இருசப்பன்னு ஒருத்தன். இன்னிக்கு தாசில்தார் எதிர்ல நான் மனுவை வாசிச்சா, அத்தோட கடை போச்சு. "பெரியோர்களே, ஏழையின் அடுப்பை அணைத்த பாதகன்..." அப்படின்னு எடுக்கறேன். எப்படி இருக்கு?

காத்தவராயன்: ...புள்ளக்குட்டிக்காரனா சார் அவன்?

ஸ்ரீனிவாசராகவன்: நாலோ, அஞ்சோ. நான் கணக்கெடுக்கலை.

காத்தவராயன்: தப்பா நெனச்சிக்காத சார்... வாசிக்காம வுட்டா இன்னா?

ஸ்ரீனிவாசராகவன்: விட்டா, எண்ணெய் எங்கே போச்சுன்னு யாராவது கேப்பானே! நீ வேலையைப் பாருப்பா... என்ன, முடிஞ்சுதா?

காத்தவராயன்: முடிஞ்சிது. வா, அந்த மேட்டுல ஒரு ரவுண்டு போய் வந்துடலாம்.

ஸ்ரீனிவாசராகவன்: ...அடடா! மேட்டுல ஒரு தட்டுக்கூட இல்லையே!

காத்தவராயன்: ஓரமா நிறுத்து. இப்ப சாவிய எடு.

ஸ்ரீனிவாசராகவன்: நின்னுடுத்து! உடனே நின்னுடுத்து!

ரங்கநாயகி: இந்தாங்கோ சோடா. சரியாயிடுத்தா? என்ன கோளாறாம்?

ஸ்ரீனிவாசராகவன்: டாபெட். அப்பவே சொன்னேனா இல்லையா?

ரங்கநாயகி: ஏம்ப்பா, டாபெட்டா?

காத்தவராயன்: ...சார் சொன்னா சரிதாம்மா.

ஸ்ரீனிவாசராகவன்: கூலி என்ன ஆச்சு?

காத்தவராயன்: கூலி வேணாம் சார்.

ஸ்ரீனிவாசராகவன்: பார்த்தியா ரங்கா! பொதுச் சேவைன்னா ஜனங்களுக்கு எவ்வளவு மரியாதை!

காத்தவராயன்: அதுக்கில்ல சார். இது நம்ம வூட்டு வேலை. இருசப்பன் எங்க அக்கா வூட்டுக்காரரு.

ஸ்ரீனிவாசராகவன்: ...என்னது?

காத்தவராயன்: கூடப்பொறந்த அக்கா. ஆதியம்மாள்னு பேரு.

ஸ்ரீனிவாசராகவன்: ரங்கா... இவன் ஏதாவது உளறினா காதுல போட்டுக்காதே. நீ முதல்ல வண்டில ஏறு. வழியில எத்தனையோ பட்டறை இருக்க, போயும் போயும் இவன்கிட்டயா வந்து மாட்டணும்!

ரங்கநாயகி: மாட்டலை. நான்தானே இங்க நிறுத்தச் சொன்னேன். போன வியாழக்கிழமை இருசப்பன் கடைக்குப் போய் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அந்த ஆதியம்மாள் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசலை. ரிஜிஸ்டரைப் பிரிச்சு உங்க கையெழுத்தைக் காட்டினா. ஒவ்வொரு தடவையும் முழு அளவு. தம்பி மெக்கானிக்குன்னும் அவதான் சொன்னா. மிச்சத்தை உங்க வாயாலேயே கேட்டுடலாம்னு வந்தேன்... சோடாக் கடை இந்தக் கீத்துத் தட்டிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. ம்... வண்டியை எடுங்கோ, நாழியாறது. தாசில்தார்கிட்ட நீங்களே சொல்றேளா, இல்லே நான் சொல்லட்டுமா?