பாறு கழுகுகளின் பந்திக்குக் காவலிருந்தவருக்கு

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, வாயிற்கதவை ஒரு முறை ஆட்டிப் பார்த்து, செருப்பைக் கழற்றி ரப்பர் காலணிக்கு மாறி, கொட்டிலின் தண்ணீர்த் தொட்டியை முகர்ந்து, தீவன மூட்டையின் தையலை விரலால் தடவி, ஒவ்வோர் ஆட்டையும் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடக்கவிட்டு, அதன் பிறகே எங்களுக்கு வணக்கம் சொல்லும் மூத்த உயிரியலாளர் அம்மையீரே! ஐயத்தையே அணிகலனாய் அணிந்தவரே! பகைவர் என்று எவரும் இல்லாமலும், பாராட்டு என்று எதையும் நம்பாமலும், பாறு கழுகுகளின் பந்திக்குக் காவலிருந்து இன்று பணி ஓய்வு பெறுபவரே! வணக்கம்.

இதற்கு மேல் உங்களை நேருக்கு நேர் புகழ எங்களுக்குத் துணிவில்லை. புகழ்ந்தால் "இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பீர்கள். ஆகவே மடலை அவையோர் பக்கம் திருப்பிக்கொள்கிறோம். அக்காவைப் பற்றி அவர்களிடம் சொல்கிறோம். அக்கா ஒட்டுக்கேட்கட்டும்.

அவையோரே! செத்துக் கிடக்கும் ஒரு மாட்டைப் பாறு கழுகுக் கூட்டம் சில மணி நேரத்தில் வெறும் எலும்பாக்கிவிடும். அழுகலில் இருக்கும் கிருமிகள் பெரும்பாலும் கழுகின் வயிற்றைத் தாண்டி உயிரோடு வருவதில்லை. கழுகு இல்லாத இடத்தில் அதே மாடு நாள்கணக்கில் கிடந்து நாறும். நாய்கள் பெருகும். நாய்க்கடி பெருகும். பக்கத்து ஓடை கெடும். இத்தனை வேலையையும் சம்பளமில்லாமல் பார்த்த பறவையைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது, வலியில் தவித்த மாட்டுக்கு யாரோ இரக்கப்பட்டுப் போட்ட ஊசி. வலிமருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகிற பறவை, போனதை எப்படி ஈடுகட்டும்?

அதனால்தான் இந்த இனப்பெருக்க மையம். அதனால்தான் இங்கே கழுகுக்கு வரும் ஆடு வந்த அன்றே வெட்டப்படுவதில்லை. முன்பு ஏதேனும் மருந்து ஏறியிருந்தால் அது உடம்பைவிட்டுப் போகும்வரை கொட்டிலில் காத்திருக்கும். அந்தக் கொட்டில்தான் அக்காவின் பொறுப்பு. பொறுப்பை ஏற்ற முதல் மாதமே அவருக்குச் 'சந்தேகம்' என்று பெயர் விழுந்துவிட்டது. "சந்தேகம் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் நாங்கள் உள்ளே நுழைவோம். அது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் தொலைபேசியை எடுத்து, "சந்தேகம்தான் பேசறேன், சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயரை நாங்கள் தணிந்த குரலில்கூடச் சொல்வதில்லை.

அவருக்கு ஒரு பசு உண்டு. அவர் வளர்க்காத பசு. சுற்றுவட்டாரத்து மருந்துக்கடைகள் தடை செய்யப்பட்ட வலிமருந்தை விற்கின்றனவா என்று பார்க்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், "என் பசு கால் வலியில படுத்துக் கிடக்கு, நல்ல ஊசியா ஒண்ணு கொடுங்க" என்பார். கொடுத்தால் கடைக்காரரை உட்காரவைத்து அந்தி சாயும்வரை கழுகுப் பாடம். கொடுக்காவிட்டாலும் விடமாட்டார், "எதுக்கு இல்லைங்கறீங்க? அப்ப யாருக்குக் கொடுக்கறீங்க?" என்பார். ஒரு கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம் பசுவை விசாரிக்கத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் அக்கா, "செத்துப் போச்சுங்க" என்றார். அந்த மனிதர் உண்மையாகவே கலங்கிவிட்டார். அக்கா அந்தத் துக்கத்துக்கு நடுவிலும், "இங்கல்லாம் செத்த மாட்டை எங்க போடுவாங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்.

மனிதர்களிடமும் அவர் இப்படித்தான். எங்கள் கிடங்குப் பொறுப்பாளரின் மனைவி இளம் வயதில் காலமானார். வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவரும் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டுவிட்டேன், தூங்கினேன். கேட்டவர்களுக்கு நிம்மதி, அவருக்கும் வேலை மிச்சம். அக்கா போனவர் நாற்காலியில் உட்காரவில்லை. நேரே சமையலறைக்குள் போனார்.

"சாப்பிட்டியா தம்பி?"

"ஆச்சுக்கா."

"எதுல?"

"என்னக்கா?"

"தட்டு காய்ஞ்சிருக்கு. கழுவற தொட்டி காய்ஞ்சிருக்கு. அடுப்புல தூசி. எதுல சாப்பிட்டே?"

அக்கா அரிசி எங்கே என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. அதை வைத்தவர் அவர் மனைவி. இருவரும் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து தேடினார்கள். அன்று அங்கே வேறொன்றும் நடக்கவில்லை.

இனி, அந்தக் காலையைப் பற்றி.

இங்கே பிறந்த கழுகுகளில் முதல் ஐந்தை வானத்தில் விடும் நாள். கூண்டுக்கு வெளியே பாறையின்மேல் இறைச்சியை வைத்துக் கதவைத் திறக்க வேண்டும். பசித்த பறவைகள் தாமாக வெளியே வரும். பாறையில் வைக்க வேண்டிய ஆடு கொட்டிலில் தயாராக நின்றது. காத்திருப்பு முடிந்த ஆடு அது ஒன்றுதான். மற்றவை அப்போதுதான் வந்தவை. விருந்தினர் வரிசையாக நாற்காலியில். இயக்குநர் புதுச் சட்டையில். கொட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இதை வெட்டாதீங்க."

இளைய மருத்துவர் ஓடினார். "என்னக்கா? ஆடு நல்லாத்தானே இருக்கு?"

"அதான் சந்தேகம். நேத்து சாயங்காலம் முன்னங்காலைத் தரையில வைக்கலை. இப்ப துள்ளுது."

"சுளுக்கா இருந்திருக்கும். சரியாப் போயிருக்கும்."

"உனக்குப் போன மாசம் சுளுக்கிச்சே, ஒரே ராத்திரியில போச்சா? ஒரு வாரம் தாங்கித் தாங்கித்தானே நடந்தே?"

இயக்குநர் வந்தார். அவர் பொல்லாதவர் இல்லை. இந்த நாளுக்காக அக்காவைவிட அதிகம் அலைந்தவர். "அம்மா, வந்திருக்கறவங்க கையிலதான் அடுத்த வருஷத்து அனுமதி இருக்கு. சும்மா ஒரு சந்தேகத்துக்காக நிறுத்தச் சொல்றீங்களா?"

"ஆமா சார். சும்மா ஒரு சந்தேகத்துக்காகத்தான்."

"சோதனைக்கு அனுப்பினா முடிவு வர நாளாகும்."

"கழுகு செத்தாலும் திரும்பி வர நாளாகும் சார்."

அக்கா எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். யார் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். தீவனக்காரர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஆட்டைப் பிடித்து வந்தவர், தான் நேற்று ஊரிலேயே இல்லை என்றார். பிறகு வாய்கள் ஓய்ந்தன, கண்கள் பேசத் தொடங்கின. தீவனக்காரர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் கூண்டு கழுவுபவரைப் பார்த்தார். சிறிது நேரத்தில் எல்லோருடைய பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது. மருந்து அலமாரியின் சாவி கிடங்குப் பொறுப்பாளரிடம்தான் இருந்தது. மனைவியின் நோய்க்காலத்து மாத்திரைகள் இன்னும் அவர் பையில் இருப்பதாக யாரோ முணுமுணுத்தார்கள். அவர் யாரோ வேறொருவரைப் பற்றிய பேச்சைக் கேட்பதுபோல நின்றார்.

அக்கா ஒருவர்தான் அவர் பக்கம் திரும்பவில்லை. "அவனை ஏன் முறைக்கறீங்க? தனக்குச் சோறு போட்டுக்கவே மறந்து போறவன். ஆட்டுக்கு மருந்து கொடுக்க மட்டும் ஞாபகம் வந்துருமா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், வரிசையிலேயே இல்லாத ஒருவர் வாயிற்பக்கத்திலிருந்து நடந்து வந்தார். எங்கள் வாயிற்காவலர். முட்டிவலிக்காரர். மெதுவாகத்தான் வந்தார்.

"நான்தாம்மா."

அவரே தொடர்ந்தார்.

"என் முட்டிவலி மாத்திரை. பழத்துக்குள்ள வெச்சுக் கொடுத்தேன். காலைத் தூக்கிக்கிட்டே நின்னுச்சு. விடிஞ்சா வெட்டப்போற ஆடு, கடைசி ராத்திரியாவது வலியில்லாம நிக்கட்டும்னுதான். மாட்டு ஊசிதான் ஆகாதுன்னு நினைச்சேன். மனுஷன் திங்கற மாத்திரைதானே, என்ன பண்ணிடும்னு..."

கழுகுகளுக்காக உயிரை விடும் ஓர் இடத்தில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு இது. வேறெங்கும் வெட்டப்போகும் ஆட்டின் கால்வலியை யார் கவனிப்பார்கள்? ஒரே ஒரு மாத்திரை. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஐந்தும் இரண்டொரு நாளில் தலை தொங்கிச் செத்திருக்கவும்கூடும். பின்னர் அந்த ஆட்டை வெட்டிச் சோதித்ததில் வந்த முடிவு, ஈரலில் அதே வலிமருந்து இருந்ததைச் சொன்னது.

விருந்தினர் வாடிய முகத்தோடு கிளம்பினார்கள். இயக்குநர் காவலரை அப்போதே வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். பெருஞ்சினம், நியாயமான சினமும்கூட. அக்கா குறுக்கே நின்றார்.

"இவரை அனுப்பினீங்கன்னா அடுத்த தடவை ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க சார். வாயைத் திறந்தவருக்கு வேலை போச்சுன்னு எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க. அப்புறம் நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

"அப்ப தண்டனையே இல்லையா?"

"இருக்கு. தினமும் என் மூஞ்சியில முழிக்கணும்ல."

இயக்குநர் சிரிக்கவில்லை. ஆனால் காவலர் வேலையில் இருந்தார். அக்கா அன்றே வாயில் பலகையை மாற்றி எழுதினார்: மனிதர் மருந்து, மாட்டு மருந்து, எதுவும் உள்ளே வரக்கூடாது. காவலரின் மாத்திரைகளுக்கு வாயிலுக்கு வெளியே ஓர் ஆணியில் தனிப் பை தொங்கியது. இன்றும் தொங்குகிறது.

பின்னொரு நாள், வேறோர் ஆட்டோடு, விருந்தினர் இல்லாமல், கதவு திறந்தது. முதல் கழுகு வெளியே வந்து சும்மா நின்றது. இரண்டாவது அதை இடித்துக்கொண்டு பறந்தது. ஐந்தும் போயின. நாங்கள் கைதட்டினோம். அக்கா மட்டும் கைதட்டாமல், அவை போன திசையில் இருந்த ஊர்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். மறுநாளே, முன்பு 'இறந்துபோன' பசுவுக்கு உயிர் கொடுத்து அந்த ஊர்க் கடைகளுக்குக் கிளம்பிவிட்டார். இப்போது மலைச்சரிவில் ஒரு கூடு இருக்கிறது. குஞ்சு ஒன்று பறந்துவிட்டது. சரிவின் கீழே செத்த மாடுகளைப் போடும் பள்ளத்தில் நாய்க்கூட்டம் பழையபடி இல்லை என்று ஊரார் சொல்கிறார்கள். அக்கா அதை இன்னும் முழுதாக நம்பவில்லை.

அறிவும் ஐயமும் குன்றாமல், முட்டிவலி என்ற ஒன்றை அறியாமல், எங்கள் அக்கா நீடு வாழ்க! அவருடைய வீட்டார் பொறுமையுடன் வாழ்க! வானத்தில் பறக்கும் ஐந்தும், அவற்றின் வழிவந்த ஒன்றும், இனி வருபவையும் வாழ்க! என்று நெஞ்சார வாழ்த்தி இதன் அடியில் ஒப்பமிடுகிறோம், மையத்தின் ஊழியர் அனைவரும், வாயிற்காவலர் முதலாக.

மடலை ஒரு பொன்மொழியோடு முடித்தால் கண்ணாடிச் சட்டத்துக்குள் எடுப்பாக இருக்கும் என்றார் இயக்குநர். அக்கா பொன்மொழி எதுவும் சொன்னதில்லை. நேற்று மாலை கொட்டிலின் சாவியைக் கிடங்குப் பொறுப்பாளரின் கையில் கொடுத்தார். இனி அந்தப் பொறுப்பு அவருடையது. அவர் சாவியைப் பார்த்தபடியே, "எங்களை ஒரு நாளாவது நம்பினீங்களா அக்கா?" என்று கேட்டார். அக்கா ரப்பர் காலணியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு உண்மையில் சொன்னதை, ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே தருகிறோம்:

"நம்பலைன்னா ஒரு பெரிய பூட்டா வாங்கிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன் தம்பி. கேட்டா சொல்லிடுவீங்கன்னு தெரியும். அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."