பிரித்துப் போட்ட புஸ்தகங்கள்

சென்னை ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், 1935-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், எதிரி பவுனம்மாள் சொல்லக் கோர்ட்டு குமாஸ்தா எழுதிக்கொண்டது.

என் பெயர் பவுனம்மாள். காலஞ்சென்ற தேசப்பன் பெண்சாதி. வயது சுமார் நாற்பத்தைந்து. மீன் விற்கிறவள். ராயபுரம் காசிமேட்டுக் குப்பத்தில் குடியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. என் மகன் வேலப்பன் பேரை எழுதியிருந்தால் அதை மட்டும் கண்டு சொல்லுவேன்.

வாசகசாலை லைப்ரேரியன் ஞானதுரை அவர்கள் என்மேல் கொடுத்த பிராது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வாசகசாலைப் புஸ்தகங்களை நான் திருடியதாகவும், சீட்டுப் பெட்டியைத் தள்ளிச் சேதப்படுத்தியதாகவும் அதில் இருக்கிறது. நடந்தது இதுதான்.

என் மகன் வேலப்பன் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்தான். கையில் காசு கிடைத்தால் மூர் மார்க்கெட்டுக்குப் போய்க் கிழிந்த புஸ்தகமாகப் பார்த்து வாங்கிவருவான். நல்ல புஸ்தகத்துக்குக் காசு பற்றாது. வாங்கிவந்ததைப் புளியங்கொட்டைப் பசை தடவி, வலை பின்னும் ஊசியாலும் வலை நூலாலும் தைத்துக் கட்டுவான். அந்த நூலை முறுக்கிப் பட்டைச் சாயம் ஏற்றிக் கொடுத்தது நான். அதனால் அவன் கட்டிய புஸ்தகம் எதுவானாலும் முதுகில் செம்மண் நிறத்தில் நூல் தெரியும். மூக்கருகே வைத்தால் வலை வாசனை வரும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கட்டுமரம் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. குப்பத்துப் பெரியவர்கள் அவன் வேட்டியைக் கடலில் விட்டுக் காரியத்தை முடித்துவிடச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. வேட்டியை எடுத்துப் பார்த்தேன். அதில் அவன் இல்லை, நான் துவைத்து வைத்திருந்ததில் அவன் வாசனையும் போயிருந்தது.

அதன் பிறகு மழையில் வீடு ஒழுகிப் புஸ்தகங்கள் நனைய ஆரம்பித்ததால், அவற்றை மீன்கூடையில் சுமந்து கல்மண்டபம் பக்கத்திலுள்ள தொழிலாளர் வாசகசாலைக்குக் கொண்டுபோனேன். அப்போது அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கிருஷ்ணப்பன் என்ற பெரியவர். அவர் ஒரு மர பீரோவை ஒழித்துக் கொடுத்து, எல்லாவற்றையும் அதில் வைத்து, கதவில் வெள்ளை வர்ணத்தால் என் மகன் பேரை எழுதினார். ஒவ்வொரு அமாவாசைக்கும் குப்பத்தில் தொழில் கிடையாது. அன்றைக்குக் குளித்துவிட்டுப் போய்ப் பீரோவைத் துடைத்து, கொஞ்சம் பூ வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். கிருஷ்ணப்பன், "இன்னா பவுனு, புள்ளயப் பாக்க வந்தியா? உள்ளதான் கீறான், போ" என்பார். புதைத்த இடம் என்று எனக்கு வேறு இல்லை.

அதன் பிறகு கிருஷ்ணப்பன் கண் மங்கி வேலையை விட்டார். அவர் இடத்துக்கு, புஸ்தகம் அடுக்குவதற்கென்றே பட்டணத்தில் படித்துத் தேறியவர் என்று ஞானதுரை அவர்கள் வந்தார்கள். அவரைப்பற்றி நான் கெட்டதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பீரோக்களின் பூட்டை எடுத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் கையால் எடுத்துப் பார்க்கலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்றார். திருவொற்றியூர் ஆலைக்காரர்களுக்கு மாட்டுவண்டியில் புஸ்தகம் அனுப்பினார். என்னையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

இந்த வைகாசி அமாவாசையில் நான் போயிருந்தபோது அவர் என்னிடம், "அம்மா, உங்க மகன் புஸ்தகங்களைப் பிரிச்சு வைக்கணும். சம்மதமா?" என்று கேட்டார். நான், "பிரிச்சிப் போடு நைனா, எம்மாம் நாளா மூடியே கெடக்குது, காத்தாடக் கெடக்கட்டும்" என்றேன். ஒரு காகிதம் கொடுத்தார். ரேகை வைத்தேன்.

எங்கள் குப்பத்தில் பிரிக்கிறது என்றால் வலையைப் பிரிக்கிறது. ஈர வலையைச் சுருட்டியே வைத்திருந்தால் இற்றுப்போகும். அதனால் மணலில் பிரித்துப் போட்டு, உலர்ந்ததும் அள்ளிச் சுருட்டி, எடுத்த இடத்திலேயே வைப்போம். அவர் சொன்னதையும் அப்படித்தான் நினைத்தேன். நல்ல பிள்ளை, வெயிலில் உலர்த்தி வைக்கப்போகிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த அமாவாசைக்குப் போனபோது பீரோவுக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தது. பேர் இல்லை. உள்ளே பழைய பத்திரிகைக் கட்டுகள் இருந்தன. நான் பூவைக் கையில் வைத்துக்கொண்டே, "எம் புள்ளய எங்க வெச்சிக்கீற நைனா?" என்று கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வாசகசாலை முழுவதும் நடந்து காட்டினார். வைத்தியப் புஸ்தகம் ஒரு பலகையில், பாட்டுப் புஸ்தகம் வேறு பலகையில், கதை அந்தக் கோடியில் இருந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி நம்பர் எழுதியிருந்தது. "ஒண்ணும் போகல்லை அம்மா. எல்லாம் இங்கேயேதான் இருக்கு. அதது அதன் இனத்தோட இருக்கு" என்றார். புழு விழுந்த சிலவற்றின் நூலை அறுத்து, கறுப்புத் துணி போட்டுப் புதிதாகக் கட்டியிருப்பதாகவும் சொன்னார். அறுத்த நூல் எங்கே என்று கேட்டேன். பெருக்கித் தள்ளியாயிற்று என்றார்.

அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த துறைமுகக் கூலி துரை என்பவன், "இன்னாம்மா அய்வுற? ஒம் புள்ள இருந்தப்போ வூட்ல குந்திகினா இருந்தான்? இப்பவும் ஊர் சுத்தப் பூட்டான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் என் மகனோடு சுற்றினவன்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு எல்லாவற்றையும் திரும்ப ஒரே இடத்தில் வைக்கும்படி லைப்ரேரியனைக் கேட்டேன். அப்படி வைத்தால் படிக்க வருகிறவனுக்கு எதுவும் அகப்படாது, இந்தச் சீட்டுப் பெட்டி இருக்கும்போது எந்தப் புஸ்தகத்தையும் ஒரு நிமிஷத்தில் எடுக்கலாம் என்றார். ஒரு புஸ்தகத்துக்கு ஒரு சீட்டு என்று எழுதி, இழுப்பறைகளில் வரிசையாகக் கம்பியில் கோத்து வைத்திருந்தார். "பேர் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்" என்றார். நான் வேலப்பன் என்றேன். அவர் பொறுமையாகத் தேடினார். பிறகு, எழுதினவர் பேரும் புஸ்தகத்தின் பேரும்தான் இதில் இருக்கும், கொடுத்தவர் பேர் இருக்காது என்றார். எனக்குப் புஸ்தகத்தின் பேர் ஒன்றும் தெரியாது. நூல்தான் தெரியும். அவ்வளவு பெரிய பெட்டியில் என் மகன் பேர் ஒரு சீட்டிலும் இல்லை.

ஆடி அமாவாசையன்று காலையில் கூடையைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். பலகை பலகையாக முதுகைப் பார்த்து, செம்மண் நூல் இருந்ததையெல்லாம் எடுத்துக் கூடையில் போட்டேன். லைப்ரேரியன் வந்து, "அம்மா, என்ன செய்யறீங்க?" என்றார். "ஒலந்து போச்சி நைனா, சுருட்டிகினு போறேன்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, வாசகசாலைப் பியூன் வெள்ளத்துரை கூடையைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. இருவருமாகச் சீட்டுப் பெட்டிமேல் சாய்ந்தோம். பெட்டி விழுந்து, கம்பி கழன்று, சீட்டுகள் எல்லாம் தரையில் சிதறிக் கலந்துபோயின. பெட்டியை நான் வேண்டுமென்று தள்ளவில்லை.

அப்போது லைப்ரேரியன் சத்தம் போடவில்லை. தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு சீட்டாகப் பொறுக்கினார். எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, "எல்லாம் கலந்துபோச்சே, எல்லாம் போச்சே" என்றார். நானும் குனிந்து பொறுக்கிக் கொடுக்கப் போனேன். தொடாதீர்கள் என்றார். போலீஸ்காரர் வரும்வரைக்கும் கூடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எங்கே கொண்டுபோக நினைத்தாய் என்று கோர்ட்டார் கேட்டதற்கு, வீட்டுக்கா கடலுக்கா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

நூல் அறுத்துக் கறுப்புத் துணி போட்ட புஸ்தகங்களை நான் எடுக்கவில்லை. அவற்றில் எது அவனுடையது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவை அங்கேதான் இருக்கின்றன.

லைப்ரேரியன் இன்று கோர்ட்டில், நான் மன்னிப்புக் கேட்டால் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். சீட்டுகளுக்காகக் கேட்கிறேன். ஆனால் அப்படிச் சமாதானமாகி ராஜியாகப் போனால் புஸ்தகங்கள் என்ன ஆகும் என்று கோர்ட்டாரைக் கேட்டேன். வாசகசாலைக்கே திரும்பப் போகும், அததன் பலகைக்குப் போகும் என்றார்கள். வழக்கு நடக்கும்வரை எங்கே இருக்கும் என்று கேட்டதற்கு, சாட்சிப் பொருளாக ஒரே கட்டாகக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, கோர்ட்டுப் பீரோவில் பூட்டியிருக்கும், யாரும் பிரிக்கக்கூடாது என்றார்கள்.

கட்டு அதோ மேஜைமேல் இருக்கிறது. மேலே ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதில் என் பேரும் வழக்கு நம்பரும் இருப்பதாகக் குமாஸ்தா சொன்னார்.

ஆகையால் நான் ராஜிக்குச் சம்மதிக்கவில்லை. வழக்கு நடக்கட்டும். வாய்தா எத்தனை வேண்டுமானாலும் போடட்டும், கூப்பிடுகிற நாளுக்கெல்லாம் வந்து நிற்கிறேன். அமாவாசையன்று போட்டால் நல்லது. எனக்கு வக்கீல் வேண்டாம்.

மேலே எழுதியதைக் குமாஸ்தா எனக்கு வாசித்தார். முன்னே ஒரு காகிதத்தில் கேட்காமல் ரேகை வைத்தவள் ஆனதால், பிரிக்கிறது என்ற வார்த்தை வருகிற இடங்களை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எல்லாம் நிஜம்.

பவுனம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.