இருபதாம் நம்பர் பாலம்

அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கொஞ்சம் கீழ வைங்க தம்பி. ஒண்ணுன்னு எழுதாதீங்க. ஆமா, இந்த எஸ்டேட்டுல பாலம் ஒண்ணே ஒண்ணுதான். எனக்கும் எண்ணத் தெரியும். மத்த பத்தொம்பது பாலம் எங்கன்னு போன வருசம் ஒரு இஞ்சினியர் கேட்டாரு, அதுக்கு முந்தி எலக்சனுக்கு வந்தவரு கேட்டாரு, கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. காரணத்தைச் சொல்றேன். கேட்டுட்டு எழுதுங்க.

ஒரு காலத்துல, இந்தக் கரடிப்பள்ளத்துல நெசமாவே கரடி இருந்த காலத்துல, வெள்ளத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். திருநெல்வேலிச் சீமையில பொழைக்க வழியில்லாம மேஸ்திரி பின்னாடி மலையேறி வந்தவ. மழையே பாக்காத ஊர்ல பொறந்தவளுக்கு வெள்ளத்தாயின்னு பேரு. இங்க வந்து பாத்தா வெள்ளத்தைத் தவிர ஒண்ணுமில்லை. புருசன் பேரு பேச்சிமுத்து. அவன் செடிக்குக் கவாத்து வெட்டுவான், இவ கொழுந்து கிள்ளுவா.

ஆத்துக்கு இந்தப் பக்கம் சனம் குடியிருந்த லயம். அந்தப் பக்கம் ஆபீசு, ஆஸ்பத்திரி, துரை பங்களா. நடுவுல பாலம் கெடையாது. ஒரு மரத்தை வெட்டிக் குறுக்கால போட்டு வச்சிருந்தாங்களாம். கோடையில அதுல ஆடு கூடப் போகும். ஆடி பொறந்தா மரமும் தெரியாது, கரையும் தெரியாது. வெள்ளத்தாயிக்கு மொதப் புள்ளை ஆடியில பொறந்துச்சு. மருத்துவச்சி அந்தக் கரையில நின்னுக்கிட்டு இருந்தா, புள்ளை இந்தக் கரையில போயிருச்சு. ரெண்டாவதும் ஆடி. மருத்துவச்சி அந்தக் கரை, புள்ளை இந்தக் கரை. ரெண்டாவதும் போயிருச்சு.

தண்ணி வடிஞ்ச மூணாம் நாளு, புள்ளையைச் சுத்தியிருந்த துணியை எடுத்துக்கிட்டு அவ நேரா துரை பங்களாவுக்குப் போனாளாம். பெரட்டுக் களத்துல, அதான் காலையில பேர் கூப்பிடுற எடம், அங்க கூட நிக்கலை. நேரா பங்களா வாசல். துரை பேரு ஆர்க்ரீவ். நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு. பக்கத்துல பட்லர் சவரிமுத்து. துரை பேசுறதைத் தமிழ்ல சொல்றது அந்த ஆளு வேலை.

"ஆத்துல ஒரு பாலம் வேணும் துரை"ங்கிறா இவ.

துரை பேப்பரை எறக்கவே இல்லையாம். ஒரு பாட்டம் இங்கிலீசுல என்னமோ சொன்னாரு. சவரிமுத்து தொண்டையைக் கனைச்சுக்கிட்டுச் சொல்றாரு: "துரைக்கு அவங்க ஊர்ல ஒரு பந்தாட்டக் கச்சி இருக்காம். ரெண்டு வாரத்துல ஆட்டம் தொடங்குதாம். இந்த வருசம் அந்தக் கச்சி மேல நின்னா பாலம் போட்டுத் தர்றாராம். போகச் சொல்றாரு."

புள்ளையைப் புதைச்சுட்டு வந்து நிக்கிறவகிட்டப் பேசுற பேச்சா தம்பி அது? நெனச்சா எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது. ஆனா அந்த ஒத்த வார்த்தையை மட்டும் மனசுல வச்சுக்கங்க. மேல நின்னா.

வெள்ளத்தாயி லயத்துக்கு வந்து சொன்னா. சனம் மொத்தமும் கூடிருச்சு. அந்தக் கச்சி ஊரு பேரு மில்பரோவாம். பஞ்சு மில்லு இருக்கிற ஊராம். அதனால நம்ம சனம் மில்லூர்னு வச்சிருச்சு. "மில்லூர்க்காரன் மொத எடத்துக்கு வரணும், அம்புட்டுத்தானே, வந்துருவான்"னு பேசிக்கிட்டாங்களாம். மாடசாமிக்குச் சேவல் நேந்துக்கிட்டாங்களாம். பாருங்க, பந்து எப்படி இருக்கும்னே தெரியாது, சேவல் நேந்தாச்சு.

அந்தக் காலத்துல பேப்பர் கப்பல்ல வரும். கப்பல்ல வந்து, ரயில்ல வந்து, பொள்ளாச்சியில எறங்கி, மலையேறி வந்து சேர மூணு வாரமாகும். இங்க சனிக்கிழமை மழை பெய்யுதுன்னா, அங்க மூணு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ஆட்டம் இன்னும் துரை கைக்கு வந்திருக்காது. வந்ததும் சவரிமுத்து சமையல்கட்டுப் பின்வாசல்ல வந்து நின்னு சொல்லுவாரு. வெள்ளத்தாயி கூடையோட காத்துக்கிட்டு நிப்பா.

மொத ஆட்டம் மூணுக்கு ஒண்ணு. தோல்வி. சரி, இப்பத்தானே தொடங்குதுன்னாங்க. ரெண்டாவது நாலுக்கு ஒண்ணு. தோல்வி. மூணாவது சமம். நாலாவது மறுபடி தோல்வி.

தோத்தா சும்மா போகுமா? மில்லூர்க்காரன் தோத்தா துரை மூஞ்சி சுண்டும். துரை மூஞ்சி சுண்டுனா மேஸ்திரி மூஞ்சி சுண்டும். மேஸ்திரி மூஞ்சி சுண்டுனா எங்க சனம் ஒரு நாளைக்குக் கிள்ள வேண்டிய முப்பது ராத்தல் கொழுந்து நாப்பது ராத்தலாகும். ஏழு கடல் தாண்டி எவனோ ஒருத்தன் பந்தைத் தப்பா ஒதைச்சதுக்கு இங்க ஒருத்தி விரல் வெடிச்சு ரத்தம் வரும். இந்த நாயத்தை நீங்க எங்க போய்ச் சொல்லுவீங்க?

"எத்தனாவது எடம்?" இவ கேப்பா.

"பதினெட்டு"ம்பாரு சவரிமுத்து.

"மொத்தம்?"

"இருபத்திரெண்டு கச்சி."

"இருபத்திரெண்டுல பதினெட்டா? ஆட்டக்காரனுங்களா இல்லை அடுப்புக்கட்டிகளா?"

ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு. ஒரு ஆட்டம் செயிப்பான். சனம் நிமிந்து உக்காரும். அடுத்த ஆட்டத்துல ஆறு பந்து வாங்கிக்கிட்டு வருவான். கோல்ல நிக்கிறவன் பேரு வில்கின்சாம். எங்க பொம்பளைங்க கொழுந்து கிள்ளிக்கிட்டே அவனை வைவாங்களாம். "ஏலே வில்கின்சு, ஆறு பந்தை விட்டுட்டு அந்தக் கையால எப்படிலே சோறு திங்குற?"ன்னு. மில்லூர்க்காரன் தோத்தான், துரை மூஞ்சி சுண்டுச்சு, மேஸ்திரி மூஞ்சி சுண்டுச்சு, முப்பது நாப்பதாச்சு.

தை மாசம் வெள்ளத்தாயிக்கு நாள் தள்ளிப் போனது உறுதியாச்சு. விரல் விட்டு எண்ணிப் பாத்தா. எண்ணி முடிச்சுட்டுத் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாளாம். மறுபடியும் ஆடி.

தையில மில்லூர்க்காரன் பத்தொம்பதாவது எடம். மாசியில இருபத்தொண்ணு. லயத்துல எல்லாரும் கைவிட்டுட்டாங்க. மாடசாமிக்கு நேந்த சேவலை எவனோ குழம்பு வச்சுட்டான். "விடு தாயி, தோக்குறதுக்குன்னே பொறந்த கச்சி அது"ன்னு பேச்சிமுத்தே சொல்லிட்டான். இவ மட்டும் விடலை. ஒவ்வொரு வாரமும் அந்தப் பின்வாசல். எரிச்சலோட போவா, எரிச்சலோட வருவா. ஒரு நாள் சவரிமுத்து சொன்னாராம்: "போன ஆட்டத்துல வில்கின்சுக்கு ரெண்டு விரல் ஒடிஞ்சு போச்சாம். கட்டுப் போட்டுக்கிட்டே நின்னானாம். சமம்." அன்னிக்கு மட்டும் இவ வையலை. தன் விரலைப் பாத்துக்கிட்டே திரும்பி வந்தாளாம்.

சித்திரைக் கடைசி. கடைசி ஆட்டம். பேப்பர் வர்ற வரைக்கும் துரைக்குப் பொறுக்கலை போல, ஊர்ல இருக்கிற தன் தம்பியைத் தந்தி அடிக்கச் சொல்லிட்டாரு. தபால்காரன் தந்தியோட மூச்சு வாங்க மலையேறி வந்தான். துரை பிரிச்சுப் பாத்தாரு. பாத்துட்டுத் தொப்பியைக் கழட்டி மேல வீசினாராம். பெரட்டுக் களத்துக்கு ஓடி வந்து, அன்னிக்கு அரை நாள் லீவுன்னு சொல்லி, சனத்துக்கெல்லாம் பிஸ்கோத்து குடுத்தாராம். மேஸ்திரிக்கு ஒண்ணும் புரியலை, ஆனா அவனும் சிரிச்சான்.

லயத்துல ஒருத்தி ஓடிப் போய் சவரிமுத்துகிட்டக் கேட்டா. "ஒண்ணுக்கு ஒண்ணு, சமம். இருபதாவது எடம்"ன்னாரு. அவ்வளவுதான். லயத்துல ஒப்பாரி வைக்காத குறை. இருபதாவதாம். மொத எடம் எங்க, இருபது எங்க. ஒன்பது மாசம் வேண்டினதும் போச்சு, நாப்பது ராத்தல் கிள்ளினதும் போச்சுன்னு பிஸ்கோத்தைத் தின்னுக்கிட்டே அழுதாங்களாம்.

வெள்ளத்தாயி பிஸ்கோத்தைத் திங்கலை. கையில வச்சுக்கிட்டே யோசிச்சா. யோசிச்சுட்டுப் பின்வாசலுக்குப் போனா. ஆறு மாச வயிறு.

"ஏண்ணே, இருபதாவதா வந்தவனுக்கு எதுக்கு இந்தக் கூத்து?"

சவரிமுத்து பிளேட்டைத் தொடைச்சுக்கிட்டே சொல்றாரு. "உனக்குத் தெரியாதா? கடைசி ரெண்டு கச்சியைப் புடிச்சுக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிருவாங்க. இருபத்தொண்ணும் இருபத்திரெண்டும் விழுந்துருச்சு. மில்லூர்க்காரன் தப்பிச்சுட்டான். விழாம மேல நின்னுட்டான்."

"என்ன சொன்னீக?"

"மேல நின்னு..." சவரிமுத்து வாய் அப்படியே நின்னு போச்சாம்.

புரியுதா தம்பி? துரை மொத எடம் கேக்கவே இல்லை. விழாம நின்னாப் போதும்னுதான் சொன்னது. சவரிமுத்தும் சரியாத்தான் சொன்னாரு. நம்ம சனம் இருக்கே, அது காதுல "மேல வந்தா"ன்னு விழுந்துருச்சு. நிக்கிறதைப் பெருசா எவன் நெனைக்கிறான்? எவன் காதுலயும் ஏறுறது ஒண்ணுதான் விழும். ஒன்பது மாசமா மாடசாமிகிட்டத் தப்பான வேண்டுதல். மாடசாமி பாவம், எதைக் குடுக்குறதுன்னு தெரியாம முழிச்சிருக்கும்.

அவ ஈரக் கையோட நின்ன சவரிமுத்தை இழுத்துக்கிட்டே துரை முன்னாடி போய் நின்னா. "பாலம்"ன்னா. ஒரே வார்த்தை.

துரை சிரிப்பு மாறாமத்தான் கேட்டாராம். "எந்தப் பாலம்? நான் எப்பச் சொன்னேன்?" மறந்தே போயிட்டாரு. சவரிமுத்தைப் பாத்தாரு. அந்த ஆளு தரையைப் பாத்தான். வேலை போயிரும்னு பயம். வாயைத் தெறக்கலை. அந்த எடத்துல எனக்கு வர்ற கோவம் இருக்கே, அந்த சவரிமுத்து மட்டும் இப்ப உசுரோட இருந்தா... சரி, விடுங்க.

சவரிமுத்து பேசுவாருன்னு வெள்ளத்தாயி காத்துக்கிட்டு நிக்கலை. நின்ன எடத்துலேர்ந்து சொல்ல ஆரம்பிச்சா. "ஆவணி மொத ஆட்டம், மூணுக்கு ஒண்ணு, தோல்வி. அன்னிக்கு எனக்கு நாப்பது ராத்தல். ரெண்டாவது நாலுக்கு ஒண்ணு, தோல்வி. மூணாவது சமம், அன்னிக்கு மழை. கார்த்திகையில ஆறுக்கு ஒண்ணுமில்லை, அன்னிக்கு மேஸ்திரி என் கூடையை எத்திவிட்டான்." சொல்லிக்கிட்டே போறா. சவரிமுத்து மெல்ல மெல்ல அதை இங்கிலீசுல சொல்றாரு. வேற வழி? துரை சிரிப்பு நின்னு போச்சாம். நாற்காலியில உக்காந்துட்டாராம். இந்த மலையில ஒன்பது மாசமா அவர் கச்சியைப் பத்திப் பேச ஒரு ஆளு கிடையாது அவருக்கு. இவளோ வில்கின்சு விரல் ஒடிஞ்ச ஆட்டம் வரைக்கும் சொல்றா.

முப்பத்தேழு ஆட்டம் சொல்லிட்டு நிறுத்தினா. "கடைசி ஆட்டம் தந்தியில வந்துச்சு, ஒண்ணுக்கு ஒண்ணு. நடுவுல நாலு ஆட்டத்துக்கு இன்னும் பேப்பர் வரலை துரை"ன்னா.

"எனக்கும் வரலை"ன்னாராம் துரை. மெதுவா.

அப்புறம் கேட்டாராம். "இத்தனையும் எதுக்கு நீ மனசுல வச்சிருக்க?"

"என் புள்ளை அதுல இருக்கு துரை"ன்னா. வயித்துல கை வச்சுக்கூடக் காட்டலையாம். மடியில முடிஞ்சு வச்சிருந்த, செத்த புள்ளையோட அந்தப் பழைய துணியை எடுத்து மேசையில வச்சா. அவ்வளவுதான்.

மறுநாளு தச்சன் வந்தான், கொல்லன் வந்தான். பாக்டரியில கொழுந்து எறக்குற பழைய கம்பி வடம், பழைய தண்டவாளம், எல்லாம் ஆத்தங்கரைக்கு வந்துச்சு. வைகாசி முழுக்க வேலை. துரை தெனமும் வந்து நின்னாராம். ஆனி மொத மழை எறங்குறப்ப பாலம் நின்னுச்சு. ஆபீசு கிளார்க்கு ரெஜிஸ்டரைத் தூக்கிக்கிட்டு வந்து, "என்ன நம்பர் போடட்டும் துரை, ஒண்ணுதானே?"ன்னு கேட்டானாம். அவனுக்கும் எண்ணத் தெரியும் போல. துரை யோசிக்கவே இல்லையாம். "இருபது"ன்னாராம்.

ஆடியில வெள்ளம் வந்துச்சு. கரை தெரியலை. பாலம் தெரிஞ்சுது. மருத்துவச்சி லாந்தரோட அதுல நடந்து வந்தா. பொம்பளைப் புள்ளை. பாலம்மான்னு பேரு வச்சாங்க. பாலாம்பிகை, பால்காரின்னு என்னென்னமோ அர்த்தம் சொல்லுவாங்க. அதெல்லாம் இல்லை. பாலம். பாலம்மா. அவதான் எங்கம்மா.

மில்லூர்க்காரன் அடுத்த வருசமே இருபத்திரெண்டாவதா வந்து கீழ விழுந்துட்டான். கேக்காதீங்க, கேட்டா எரிச்சல்தான் வரும். வில்கின்சு என்ன ஆனான்னு எங்கம்மா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. யாருக்குத் தெரியும்?

அதான் இங்க ஒரு பழக்கம். மாசமா இருக்கிறவ இந்தப் பாலத்துல கால் வைக்கும்போது கைப்பிடியைத் தொட்டு "நின்னாப் போதும்"ம்பா. மேல ஏத்துன்னு எவளும் வேண்டிக்க மாட்டா. போன வாரம் என் பேத்தி கூடச் சொல்லிட்டுத்தான் அந்தக் கரைக்குப் போனா. அவளுக்கும் ஆடிதான்.

சரி, டப்பாவைத் தெறங்க. இருபதுன்னு எழுதுங்க. மழை கழுவிட்டுப் போயிராம, நல்லா ரெண்டு கோட்டா அடிங்க.