பதிவறையின் தாழ்ப்பாள்

எங்கள் கட்டடத்தில் கோடையிலும் மின்விசிறி தேவைப்படாது, ஐயா. நூற்று நாற்பது வருடத்துச் சுவர்கள், அவ்வளவு கனம். அதில்தான் பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் உதவி மையம் இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லித் தருகிறோம். அவர்களுடைய பாடங்களைப் பதிவு செய்தும் கொடுக்கிறோம். பதிவு செய்பவன் நான். பத்தொன்பது வருடமாக.

நீங்கள் கேட்டபடி நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

பதிவறை என்பது முன்பு வினாத்தாள்களைப் பூட்டி வைத்த அறை. இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது, தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். எங்களுக்கு இரண்டு விதிகள். கைப்பேசி, கைப்பை எதுவும் உள்ளே போகக் கூடாது. வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால், யார் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. துணைவேந்தரையே ஒருமுறை நிற்க வைத்திருக்கிறோம்.

புதிய இயக்குநர் மேடம் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். தங்கமான பெண். "இந்தக் கட்டடம் நம்ம தலையில விழறதுக்குள்ள கிளம்பிடலாம்ண்ணே. புது பிளாக்ல உங்களுக்குக் கண்ணாடி ரூம் தர்றேன்" என்றார். திங்கள்கிழமை முதல் இதைப் பூட்டிவிடுவார்களாம். எனக்குக் கண்ணாடி அறை வேண்டாம். அதை அவரிடம் சொல்லாமல் விட்டது என் பிழைதான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு, இடமாற்ற அறிவிப்பைப் பதிவு செய்ய உள்ளே போனார். கைப்பையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். தாழ்ப்பாளைப் போட்டேன். ஆறே நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார். நான் விளக்கை அணைக்கவில்லை.

ஹெட்ஃபோனில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. முதலில் சிரிப்பு. "அண்ணே, டீ குடிக்கப் போயிட்டீங்களா?" பிறகு தட்டினார். பிறகு இருமல். "அண்ணே, மூச்சு இழுக்குது. பையில இன்ஹேலர் இருக்கு. விளையாடாதீங்கண்ணே, பயமா இருக்கு."

எழுத்தர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, மேடம் உள்ள அடைகாக்கறாங்களா?"

"மூணாவது டேக்" என்றேன். விளக்கைப் பார்த்துவிட்டு நுனிக்காலில் நடந்து போனார். நல்ல மனிதர், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது, ஐயா. ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். பதினொன்று நாற்பதுக்கு அவர் குரல் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. "அண்ணே... எங்கயும் போக வேண்டாம். மையம் இங்கயே இருக்கட்டும். சத்தியமா. கதவத் திறங்க." அப்புறம் இரும்பில் நகம் உரசும் சத்தம். அதுவும் நின்றது. பன்னிரண்டே காலுக்குத் தாழ்ப்பாளை எடுத்தேன். இன்ஹேலர் பையின் முன்பக்கத்தில் இருந்தது. அவர் கேட்பதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. கொன்றது நான்தான்.

ஒரே ஒரு விண்ணப்பம். பதிவின் நாற்பதாவது நிமிடத்தைத் தயவுசெய்து கேளுங்கள். மையம் இங்கேயே இருக்கட்டும் என்று, யாரும் வற்புறுத்தாமல், அவரே தன் வாயால் சொல்லியிருக்கிறார். இயக்குநரின் கடைசி உத்தரவு அது. நீங்கள் கட்டடத்துக்குச் சீல் வைத்திருப்பது அதற்கு விரோதமானது.